வீட்டுக்கு வராத வேட்பாளர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் உனக்கு ஆள் என்று கூப்பிட்டார்கள். மறுமுனையில் தில்லையம்பலம் ஐயாவின் மனைவி சரசக்கா. "யோகம், இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். வேலைக்கென்று வெளிக்கிட்டவர், வீட்டுக்குக் கிட்ட, நார்த்மீட்டில் பஸ் தரிப்பில் நின்றபடியே சரிந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. என் வாயில் முதலில் வந்த சொல், "ஐயோ அக்கா, கடைசிச் சோதினை எழுதாமலே போட்டாரே!" என்பதுதான். செத்தவீட்டுக்கு அழுகிற பேச்சா இது என்று நீங்கள் கேட்கலாம். அவரைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

நீதவான் தில்லையம்பலம் ஐயாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தா என்று நம் சங்கத்தின் செய்திமடலுக்குக் கேட்டார்கள். நல்ல வார்த்தை நிறைய இருக்கிறது. ஆனால் எனக்கு அவர்மேல் கோபமும் இருக்கிறது, உங்கள்மேலும் இருக்கிறது. இரண்டையும் மறைத்து, "அன்னார் பண்பாளர், பழகுவதற்கு இனியவர்" என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரசுரிக்க விருப்பமில்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

தகனத்தன்று அவர் வேலை செய்த கோர்ட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார இளைஞர் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்துக் கவுண்டரில் வேலை செய்பவர். நல்ல பிள்ளை, கழுத்தில் கறுப்பு ரை கட்டி, மலர்வளையத்தோடு கடைசி வரிசையில் நின்றார். யாரோ ஆங்கிலத்தில் பேசும்போது, இலங்கையில் பல ஊர்களில் நீதவானாக இருந்தவர் என்று சொன்னார்கள். அந்த இளைஞர் என் பக்கம் திரும்பி, "யார், நம் தில் ஆ? நீதவானா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று, அபராதப் பணம் வாங்கி, பற்றுச்சீட்டு எழுதி, மத்தியானத்தில் ஒன்றாகச் சாண்ட்விச் சாப்பிட்ட மனிதர். தான் யார் என்று ஐயா அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்ததே அந்த இடத்தில்தான். அழுகை என்றால் துக்கம் மட்டுமில்லை, ஆத்திரமும்தான்.

ஐயா நீதவான் இருக்கையில் இருந்த காலத்தை நான் காணவில்லை. சரசக்கா சொல்லித்தான் தெரியும். வடக்கில் ஒரு சிறிய பட்டினத்தில் நீதவானாக இருந்தபோது, அக்காவின் சொந்தத் தம்பி சைக்கிளில் வெளிச்சம் இல்லாமல் ஓடிப் பொலிசில் பிடிபட்டுவிட்டார். ஐயா அந்த வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வழக்கு முடியும்வரை மச்சான் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கணவாய் மீன் வாங்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். ஐயா வாசல் படலையைத் திறக்கவிடவில்லை. "வெளிச்சமில்லாத சைக்கிளுக்கு, யோகம்! ஆளைக் கொலை செய்தவன் மாதிரி வெளியிலை விட்டவர்" என்று அக்கா இப்போதும் சொல்லிச் சொல்லிக் கொதிப்பார். ஐயா மட்டும் சிரித்துக்கொண்டு, "வழக்குக்காரன் நீதவானின்ரை வீட்டை வாறதும் பிழை, நீதவான் வழக்குக்காரன்ரை வீட்டை போறதும் பிழை. கணவாய் நல்ல கணவாய்தான்" என்பார்.

பிறகு கோர்ட்டுப் பாஷை மாறியது. சிங்களத்தில் எழுதத் தெரியாதவருக்கு மேலே போக வழியில்லை என்ற நிலை வந்தது. அவர் வேலையை விட்டுவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய படிப்பு இங்கே செல்லாது. கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்குகளில் சட்டச் சோதனை பாஸ் பண்ணியவர்களைத்தான் காலப்போக்கில் நீதவானாக எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே போய்க் கிளாக்காகச் சேர்ந்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், தன் பிள்ளை வயதுப் பெடியளோடு இருந்து சோதனை எழுதினார். ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டு பாடமாக முடித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பாடம் இந்த வருஷ முடிவில். அதைத்தான் நான் தொலைபேசியில் சொன்னேன்.

இனி நம் சங்கத் தேர்தலுக்கு வருகிறேன். வராமல் தப்பிவிடுவேன் என்று நினைத்திருப்பீர்கள்.

துரைராசாவை உங்களுக்குத் தெரியும். தெரியாதென்று யாரும் சொல்லவேண்டாம். இங்கே ஓடுகிற பழைய ஹோல்டன் கார்களில் அவர் கை படாத கார் இல்லை. கண்டியில் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தவர். எழுபத்தேழாம் ஆண்டு தமிழருக்கு எதிரான கலவரத்தில் அதை எரித்துவிட்டார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் சாவகச்சேரியில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, தங்கையைப் பார்க்க என்று விசா எடுத்து இங்கே வந்தார். விசா முடிந்தது. இங்கேயே இருந்து வேலை செய்து குடும்பத்தைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. திரும்பிப் போகச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. நம் சங்கம் ஒன்றாகக் கன்பராவுக்குப் போய் மந்திரியோடு பேசினால் ஒரு வழி பிறக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். தனி ஆள் பேசினால் எடுபடாது, ஒரு சமூகமாகப் போகவேண்டும் என்றார்கள்.

அப்போதைய தலைவர் மறுத்தார். இப்போதும் அவர்தான் தலைவர், இதை அவரும் வாசிப்பார், ஆகவே பெயர் எழுதவில்லை. கெட்ட மனிதர் இல்லை. "நாங்கள் இப்பதான் ஒரு மாதிரிக் காலூண்டி நிக்கிறம். விசா முடிஞ்ச ஆளுக்காகச் சங்கம் வாய் திறந்தால், நாளைக்கு எங்கடை அப்பா அம்மாவைக் கூப்பிடேக்கை எல்லாப் பைலையும் கிண்டுவாங்கள்" என்றார். பயந்த மனிதர். நாங்கள் எல்லோருமே பயந்துகொண்டுதானே இருந்தோம். அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் தலைவரை மாற்றினால்தான் துரைராசாவுக்கு விடிவு என்று எனக்குப் பட்டது. நார்த்மீட்டுக்குப் போனேன்.

ஐயா சமையல் குசினியில் கதிரை போட்டு, மேசை நிறையச் சட்டப் புத்தகத்தோடு இருந்தார். விஷயத்தைச் சொல்லி, தலைவர் பதவிக்கு நிற்கக் கேட்டேன். துரைராசாவின் கடிதத்தை வாங்கி இரண்டுதரம் படித்தார். "நிக்கிறன்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அப்ப சனிக்கிழமை தொடங்குவம் ஐயா. நான் கார் கொண்டு வாறன். வீடு வீடாப் போவம்" என்றேன்.

"வீடு வீடா என்னத்துக்கு?"

"வோட்டுக் கேக்கத்தான். வேறை என்னத்துக்கு?"

புத்தகத்தை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, இந்த வழக்கிலை நீதவான் ஆர்? வோட்டுப் போடுற ஆக்கள். வழக்குக்காரன் ஆர்? நான். தீர்ப்புக்கு முதல் வழக்குக்காரன் நீதவானின்ரை வீட்டை போய்த் தேத்தண்ணி குடிக்கலாமோ?"

முதலில் பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. அமெரிக்காவில் நீதவான்மாரையே சனம் வோட்டுப் போட்டுத்தான் தெரிவுசெய்கிறதாம், அவர்களே வீடு வீடாகப் போய்க் கைகொடுக்கிறார்களாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் கசந்துவிட்டது. "இண்டைக்குக் கைகுடுத்து வோட்டு வாங்கினவனுக்கு நாளைக்கு எப்பிடித் தீர்ப்புச் சொல்லுறது? விசர்க்கதை கதையாதையும்" என்றார். அக்கா அடுப்படியில் நின்று, "நீர் சும்மா மினைக்கெடாதையும் யோகம். என்ரை தம்பியையே படலைக்கு வெளியிலை விட்ட ஆள் இது" என்றார்.

நம் ஆட்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கலியாணத்துக்கு அழைப்பிதழை மட்டும் தபாலில் அனுப்பினால் போவோமா? வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் ஒரு சொல் சொன்னால்தான் அது அழைப்பு. தலைவருக்கு அது தெரியும். ஹோம்புஷ், ஓபன், ஸ்ட்ரத்ஃபீல்ட் என்று பகுதி பகுதியாக, பிள்ளைகளுக்குச் சொக்கிலேட்டோடு ஒரு வீடு விடாமல் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் ஐயாவுக்கு வோட்டுச் சேர்க்கிறேன் என்று தெரிந்தும் வந்து, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, "தங்கச்சியின்ரை தேத்தண்ணிக்கு நிகரில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து தொலைபேசியோடு மல்லுக்கட்டினேன். "ஐயா நல்லவர்தான், ஆனால்..." என்று இழுத்தார்கள். அந்த "ஆனால்" என்ன என்று எனக்குத் தெரியும். ஐயாவிடம் போய்க் கெஞ்சினேன். "சொல்ல வேண்டியதைக் கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்" என்றார். சரி, அங்கேயாவது வெளுத்து வாங்குவார் என்று நம்பினேன்.

பொதுக்கூட்டம் ஞாயிறு பின்னேரம், ஒரு தேவாலய மண்டபத்தில். துரைராசா பின்சுவரோடு சாய்ந்து நின்றார். கதிரை இருந்தும் இருக்கவில்லை. தலைவர் பேசினார், பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு ஐயா எழும்பினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். "முதலிலை எனக்கு எதிரான பக்கத்தைச் சொல்லுறன்" என்று தொடங்கினார்.

சொன்னார், ஐயோ, என்ன மாதிரிச் சொன்னார்! தலைவருக்குச் சொல்லத் தெரியாமல் விட்டதையெல்லாம் இவர் எடுத்துக் கோவைப்படுத்திச் சொன்னார். புதிதாக வந்த சிறிய சமூகம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டும், ஒருவருக்காகச் செய்வதை நாளை எல்லோருக்கும் செய்யவேண்டி வரும், சட்டத்தை மீறிய விஷயத்தில் சங்கம் தலையிட்டால் அதன் சொல்லுக்கு இருக்கிற மதிப்புப் போய்விடலாம் என்று ஒவ்வொன்றாக, ஆறுதலாக, அவசரப்படாமல், உதாரணத்தோடு விளக்கினார். சனம் தலையாட்டிக்கொண்டு கேட்டது. தலைவர் எழுதிக்கொண்டிருந்தார்! அதன்பிறகு துரைராசாவின் பக்கத்தையும் அதே அளவுக்கு, அதே குரலில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை. எரிந்த கராஜைப் பற்றிச் சொல்லும்போதுகூடக் குரல் உயரவில்லை. "இரண்டு பக்கமும் கேட்டிட்டியள். இனி உங்கடை மனச்சாட்சி" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். "ஐயாவே சொல்லிப்போட்டார், இது ஆபத்தான வேலை எண்டு" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு எழும்பி மேசையில் அடிக்கவேண்டும் போல இருந்தது.

கை உயர்த்தி வோட்டு. கொஞ்சக் கைகளால் தோற்றார். கொஞ்சக் கைகள்தான். திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் என் கணவர் நடராசா கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். தலைவருக்கும் உயர்த்தவில்லை, ஐயாவுக்கும் உயர்த்தவில்லை. காரில் ஏறியதும் கேட்டேன். "மனிசன் எங்கடை வீட்டை வந்து என்னட்டை ஒரு சொல் கேட்டவரோ?" என்றார். "ஒவ்வொரு கிழமையும் உன்னை அங்கை இழுத்தடிக்கிறார். என்னை ஒரு ஆளா மதிச்சாரோ?" அந்த இடத்திலேயே காரிலிருந்து இறங்கி நடக்கலாம் போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை விடிய ஐயாவிடமிருந்து தொலைபேசி. "தங்கச்சி, கார் இருக்கோ? வீடு வீடாப் போகவேணும்."

"இப்ப என்னத்துக்கு?" என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்.

"தீர்ப்புச் சொல்லியாச்சு. இப்ப எனக்கு வழக்கில்லை. துரைராசாவுக்காக ஆரிட்டையும் போகலாம்."

போனோம். எல்லா வீட்டிலும் வரவேற்பு. கதிரை துடைத்து இருத்தி, வடை என்ன, பற்றிஸ் என்ன! ஐயா அவர்கள் சொன்ன பயங்களையெல்லாம் கேட்டார். பெற்றோருக்கு விண்ணப்பம் போட்டவர்களுக்கு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சட்டத்தை விளக்கினார். ஒவ்வொரு வீட்டிலும் ஓம் என்றார்கள். அதோடு ஒவ்வொரு வீட்டிலும் அதே வசனம்: "ஐயா, இதை முதலே ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாமே. எங்கடை வோட்டு உங்களுக்குத்தானே." என்ன சிரித்த முகத்தோடு சொன்னீர்கள்! கடைசியில் தலைவர் வீட்டுக்கும் போனோம். அவரும் கன்பராவுக்கு வரச் சம்மதித்தார். நடராசாகூட, ஐயா எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து இருந்ததும், தன் வேலையிடத்தில் லீவு கேட்கிறேன் என்றார்.

கன்பராவில் மந்திரியைச் சந்திக்க நாள் கிடைப்பதற்கு முதலே துரைராசாவுக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டது.

விமானநிலையத்துக்கு ஐயா, சரசக்கா, நான் என்று மூவரும் அவருடைய தங்கையும் போனோம். துரைராசா புதுச் சேட்டுப் போட்டிருந்தார். என் காரின் கிளச்சைக் கவனிக்கச் சொன்னார். போகிற நேரத்தில் ஐயாவின் கையைப் பிடித்தார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஐயா, முதலே ஒருக்கா எல்லா வீட்டையும் போயிருக்கலாமே?"

ஐயா, "ஓம் துரைராசா, போயிருக்கலாம்" என்றார். துரைராசா உள்ளே போனபிறகும் ஐயா நகரவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். காரில் வரும்போது, நான் கேட்காமலே சொன்னார்: "நான் வழக்கைப் பிழையா விளங்கிப்போட்டன் தங்கச்சி. என்னை வழக்குக்காரன் எண்டு நினைச்சன். வழக்கு அவன்ரை. நான் அவன்ரை அப்புக்காத்து, அவனுக்காக வாதாடவேண்டிய ஆள். அப்புக்காத்து தன்ரை ஆளுக்காகக் கெஞ்சத்தானே வேணும்? வாழ்நாள் முழுக்க மேலை இருந்து கேட்டுப் பழகிப்போட்டன்." அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் அவரே சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது. இப்போதும் அடங்கவில்லை. இப்படி ஒரு மனிதரை இந்த நாடு கவுண்டரில் நிறுத்திப் பற்றுச்சீட்டு எழுதவைத்தது. நாங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று தோற்கடித்தோம். அவர் தன் நேர்மையை ஒரு மனிதனின் குடும்பத்துக்கு மேலாக வைத்துவிட்டு, பிறகு அதை நினைத்து நினைத்தே உருகினார். துரைராசா இப்போது வவுனியாவில் யாருடையதோ கராஜில் கூலிக்கு வேலை செய்கிறார் என்று அவருடைய தங்கை சொல்கிறார். பிள்ளைகள் இன்னமும் சாவகச்சேரியில்தான்.

இந்த வருஷப் பொதுக்கூட்டம் வருகிறது. துரைராசாவின் நிலைமையில் இன்னும் மூன்று பேர் நம்மிடையே இருக்கிறார்கள். யார் யார் என்று உங்களுக்கே தெரியும், உங்கள் வீட்டு அறைகளில்தான் இருக்கிறார்கள். நான் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். பொம்பிளை நிற்பதா என்று கேட்பவர்கள் கேட்கலாம். நாளை மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் வருவேன். இருக்கச் சொல்லாவிட்டாலும் இருப்பேன். எனக்கு எதிராக உங்களிடம் இருக்கிற நியாயத்தையெல்லாம் முதலில் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பேன். ஐயாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். கேட்டு முடிந்ததும் அவரைப்போல "இனி உங்கள் மனச்சாட்சி" என்று எழும்பிப் போகமாட்டேன். அந்த மூன்று பேருக்காகவும் நீங்கள் ஓம் என்று சொல்லும்வரை உங்கள் வீட்டுக் கதிரையை விட்டு அசையமாட்டேன்.